கம்பியில்லா இறைச்சி வெப்பமானியும் கைபேசிச் செயலியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊசி போன்ற கருவியை இறைச்சிக்குள் குத்திவைத்து, உள்ளே வெப்பம் ஏறுவதைக் கைபேசித் திரையில் பார்த்துக்கொண்டே சமைப்பவர்களுக்கு முதல் சில வாரங்களில் எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தர முயன்றிருக்கிறோம். வெப்பநிலைகள் அனைத்தும் செல்சியஸ் அளவில் உள்ளன. கருவிக்குக் கருவி தாங்கும் அளவுகள் மாறுவதால், இங்குள்ள ஓர் அளவும் உங்கள் கையேட்டில் உள்ள அளவும் முரண்பட்டால் கையேட்டையே பின்பற்றவும்.

கேள்வி: இந்தக் கருவி உண்மையில் எதை அளக்கிறது?

பெரும்பாலான மாதிரிகளில் இரண்டு இடங்களில் உணரிகள் உள்ளன. ஊசியின் கூர்முனைக்கு அருகே உள்ள உணரி இறைச்சியின் உள்வெப்பத்தையும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பீங்கான் முனையில் உள்ள உணரி சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தையும் அளக்கின்றன. இரண்டு அளவுகளும் புளூடூத் வழியாக நேரடியாகவோ, ஊசியை வைத்து மின்னேற்றும் சார்ஜ் பெட்டியின் வழியாகவோ கைபேசிக்குச் சென்று சேர்கின்றன. சில மாதிரிகளில் ஊசியின் நீளம் முழுவதும் நான்கைந்து உணரிகள் வரிசையாக இருக்கும். அவற்றில் மிகக் குறைந்த அளவைக் காட்டும் உணரியே இறைச்சியின் நடுப்பகுதியில் இருக்கிறது என்று செயலி முடிவு செய்துகொள்ளும். ஒற்றை உணரி உள்ள ஊசிக்கு இந்த வசதி இல்லை. கூர்முனை எந்தப் புள்ளியில் நிற்கிறதோ அந்தப் புள்ளியின் வெப்பத்தை மட்டுமே அது சொல்லும். திரையில் எவ்வளவு அழகான வரைபடம் ஓடினாலும், அது இறைச்சி முழுவதையும் பற்றிய செய்தி அன்று என்பதை மறந்துவிடக் கூடாது.

கேள்வி: ஊசியை எங்கே குத்த வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். இந்தக் கருவியைப் பற்றி எழும் மனக்குறைகளில் பெரும்பகுதி குத்திய இடத்தின் பிழைதான். கருவியின் பிழை அன்று.

வெப்பம் வெளியிலிருந்து உள்ளே மெல்லப் பரவுவதால், துண்டின் மிகத் தடித்த பகுதியின் நடுமையமே கடைசியாக வேகும். கூர்முனை அந்த மையத்தில் நிற்க வேண்டும். மேலிருந்து செங்குத்தாகக் குத்துவதைவிடப் பக்கவாட்டிலிருந்து கிடையாகக் குத்துவது நல்லது. அப்போதுதான் ஊசியின் உடல் முழுவதும் இறைச்சிக்குள் மறையவும், முனை மையத்தில் நிற்கவும் வாய்ப்பு அதிகம். குத்துவதற்கு முன் ஊசியை இறைச்சியின் மேல் வைத்துப் பார்த்து, முனை எங்கே போய் நிற்கும் என்று விரலால் அளந்துகொள்வது எளிய வழி.

எலும்பு, கொழுப்புத் திரட்சி, உள்ளே உள்ள வெற்றிடம் ஆகிய மூன்றையும் தவிர்க்க வேண்டும். எலும்பும் கொழுப்பும் தசையைப் போல வெப்பத்தைக் கடத்துவதில்லை. ஆகவே அவற்றைத் தொட்டபடி நிற்கும் முனை தவறான அளவைக் காட்டும். முழுக் கோழியில் முனை வயிற்றுக் குழிக்குள் நுழைந்துவிட்டால், சூடான காற்றின் வெப்பத்தை அளந்துவிட்டு, வேகாத கோழியை வெந்துவிட்டதாக அறிவிக்கும். முழுக் கோழிக்கு நெஞ்சுப் பகுதியின் தடித்த இடத்தில் குத்திவைப்பது பொதுவான வழக்கம். அடுப்பிலிருந்து இறக்கும் முன் தொடையின் உட்பகுதியையும் வேறொரு வெப்பமானியால் சோதித்துக்கொள்ள வேண்டும்.

உறைந்த இறைச்சியில் ஊசியை வலிந்து ஏற்றக் கூடாது. ஊசி வளைந்தால் உள்ளே உள்ள மின்பகுதி உடைந்துவிடும். அதைச் சரிசெய்ய வழியில்லை.

கேள்வி: ஊசியில் ஒரு கோடு இருக்கிறதே, அது எதற்கு?

அந்தக் கோடு வரையாவது ஊசி இறைச்சிக்குள் மறைந்திருக்க வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. மின்கலமும் மின்சுற்றும் கோட்டுக்கு உட்பட்ட பகுதியில் உள்ளன. பச்சை இறைச்சியின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். நீர் இருக்கும்வரை உள்வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. ஆகவே இறைச்சியே அந்த மின்பகுதிக்குக் கவசமாக அமைகிறது. பல மாதிரிகளில் உட்பகுதி சுமார் 100 டிகிரி வரையும், பீங்கான் முனை 275 டிகிரியோ அதற்கு மேலோ தாங்கும் என்று குறிப்பிடப்படுவதன் காரணம் இதுதான். கோட்டுக்கு உட்பட்ட பகுதி வெளியே நீட்டிக்கொண்டு அடுப்பின் வெப்பத்தை நேரடியாக வாங்கினால், ஒரே சமையலில் கருவி பாழாகலாம். மெல்லிய துண்டுகளுக்கு இக்கருவி பொருந்தாமல் போவதும் இதனாலேயே.

கேள்வி: எந்த இறைச்சியை எத்தனை டிகிரி வரை சமைக்க வேண்டும்?

பரவலாகப் பின்பற்றப்படுபவை அமெரிக்க வேளாண் துறை பரிந்துரைக்கும் அளவுகள். கோழி, வாத்து, வான்கோழி முதலிய பறவை இறைச்சி எல்லாவற்றுக்கும் 74 டிகிரி. கொத்திய மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, பன்றியிறைச்சிக்கு 71 டிகிரி. அதே விலங்குகளின் முழுத் துண்டுகளுக்கு 63 டிகிரி. அடுப்பிலிருந்து எடுத்தபின் குறைந்தது மூன்று நிமிடம் அப்படியே விட்டுவைக்க வேண்டும் என்பதும் அந்தப் பரிந்துரையின் பகுதி. மீனுக்கு 63 டிகிரி. மீந்த உணவைச் சூடாக்கும்போது 74 டிகிரி.

கொத்திய இறைச்சிக்கு ஏன் கூடுதல் வெப்பம் என்று கேட்கலாம். முழுத் துண்டில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். மேற்பரப்பு எப்படியும் கடும் வெப்பத்தைப் பெற்றுவிடும். கொத்தும்போது மேற்பரப்பில் இருந்தவை உள்ளே முழுவதும் கலந்துவிடுகின்றன. ஆகவே நடுமையமும் மேற்பரப்பைப் போலவே நன்றாக வேக வேண்டியிருக்கிறது.

இவை பாதுகாப்புக்கான அளவுகள் மட்டுமே. சுவைக்கான அளவுகள் அல்ல. இணைப்புத்திசு நிறைந்த கடினமான துண்டுகள் 63 டிகிரியில் பாதுகாப்பாக இருந்தாலும் மெல்ல முடியாமல் இருக்கும். அவற்றில் உள்ள கொலாஜன் ஏறத்தாழ 70 டிகிரியிலிருந்து மெல்ல இளகி ஜெலட்டினாக மாறத் தொடங்குகிறது. துண்டு முழுவதும் பஞ்சு போல் ஆவதற்கு 90 முதல் 95 டிகிரி வரை, அதுவும் பல மணி நேரம், தேவைப்படுகிறது. மாறாக, கோழி நெஞ்சுக்கறியை அந்த அளவுக்குக் கொண்டுபோனால் நார் நாராக உலர்ந்துவிடும். செயலியில் இறைச்சியின் பெயரோடு எந்தப் பகுதி என்றும் கேட்பது இதனால்தான். அதைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் இலக்கு வெப்பநிலையும் தவறிப்போகும்.

கேள்வி: கோழிக்கு 74 டிகிரிக்குக் குறைவான இலக்கையும் சில செயலிகள் ஏற்றுக்கொள்கின்றனவே, அது சரியா?

கிருமிகள் அழிவது வெப்பத்தையும் நேரத்தையும் சேர்த்தே பொறுத்தது. 74 டிகிரியில் சில விநாடிகளில் நடந்துவிடும் வேலை, 66 டிகிரியில் நடந்து முடியச் சில நிமிடங்கள் ஆகும். 74 என்ற எண்ணின் நன்மை, அதை எட்டிய பிறகு காத்திருக்க வேண்டியதில்லை என்பதே. தொடர்ந்து அளந்துகொண்டிருக்கும் கருவி கையில் இருப்பவர், மையம் 66 டிகிரிக்குக் குறையாமல் தேவையான நிமிடங்கள் நின்றதை வரைபடத்தில் கண்டு உறுதி செய்யலாம் என்பது கொள்கையளவில் உண்மை. ஆனால் முனை மையத்தில்தான் நிற்கிறது என்ற உறுதி இருந்தால் மட்டுமே அந்தக் கணக்கு செல்லும். குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் ஆகியோருக்குச் சமைக்கும்போது 74 டிகிரியோடு நின்றுகொள்வதே எங்கள் பரிந்துரை.

கேள்வி: நிறத்தைப் பார்த்தே வெந்ததா என்று சொல்லிவிட முடியாதா?

முடியாது. கொத்திய மாட்டிறைச்சி 71 டிகிரியை எட்டும் முன்பே உள்ளே பழுப்பாக மாறிவிடுவது உண்டு; முழுமையாக வெந்த கோழியின் எலும்பருகே இளஞ்சிவப்பு நிறம் எஞ்சுவதும் உண்டு.

கேள்வி: அடுப்பிலிருந்து எடுத்த பிறகும் வெப்பம் ஏறிக்கொண்டே போகிறது. கருவி தவறாகக் காட்டுகிறதா?

இல்லை. அடுப்பிலிருந்து எடுக்கும் நேரத்தில் இறைச்சியின் வெளிப்பகுதி மையத்தைவிடப் பல டிகிரி சூடாக இருக்கிறது. அந்த வெப்பம் உள்நோக்கிப் பரவுவது அடுப்பை அணைத்ததால் நின்றுவிடாது. சிறிய துண்டில் இரண்டு மூன்று டிகிரியும், பெரிய துண்டில் ஐந்து முதல் எட்டு டிகிரி வரையும் ஏறலாம். அடுப்பின் வெப்பம் எவ்வளவு கடுமையோ அவ்வளவுக்கு இந்த ஏற்றமும் அதிகம்.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. சில செயலிகள் இந்த ஏற்றத்தை முன்கூட்டியே கணக்கிட்டு, இலக்கை எட்டும் முன்பே ‘எடுத்துவிடலாம்’ என்று அறிவிக்கும். வேறு சில, இலக்கை எட்டிய பிறகுதான் ஒலி எழுப்பும். உங்கள் செயலி எந்த வகை என்று தெரியாமல், நீங்களும் ஒரு பக்கம் ஐந்து டிகிரி குறைத்து இலக்கு வைத்தால், இரண்டு கழிவும் சேர்ந்து இறைச்சி வேகாமல் நின்றுவிடும். ஊசியை உருவாமல் அப்படியே விட்டுவைத்து, ஏற்றம் எங்கே நிற்கிறது என்று பார்த்தபின் அறுப்பதே வழி. முதல் சில முறை இப்படிக் கவனித்துவிட்டால் உங்கள் அடுப்பின் போக்கு பிடிபட்டுவிடும்.

கேள்வி: பெரிய துண்டு ஒன்று 68 டிகிரியில் இரண்டு மணி நேரமாக அசையாமல் நிற்கிறது. ஏன்?

குறைந்த வெப்பத்தில் பல மணி நேரம் சமைக்கும்போது, குறிப்பாகப் புகையில் வாட்டும்போது, ஏறத்தாழ 65 முதல் 75 டிகிரிக்குள் இப்படி ஒரு தேக்கம் வருவது இயல்பு. இறைச்சியின் மேற்பரப்பில் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. வியர்வை உடலைக் குளிர்விப்பது போன்ற செயல்தான் இது. அடுப்பு தரும் வெப்பமும் ஆவி கொண்டுபோகும் வெப்பமும் சமமாக இருக்கும்வரை எண் நகராது. மேற்பரப்பு உலர்ந்தபின் தானாகவே ஏறத் தொடங்கும். பொறுமை இல்லையென்றால் அலுமினியத் தாளில் இறுகச் சுற்றிவிட்டால் நீர் ஆவியாவது தடைபட்டு வெப்பம் ஏறும். ஆனால் மேற்புறத்தின் மொறுமொறுப்பு குறையும். தாளைச் சுற்றும்போது பீங்கான் முனையை வெளியே விட வேண்டும். உலோகத் தாள் அதையும் மூடிவிட்டால் சமிக்ஞை நின்றுபோகும்.

கேள்வி: ‘இன்னும் 40 நிமிடம்’ என்று செயலி சொல்வதை நம்பி விருந்தினரை அமரச் சொல்லலாமா?

கடைசி கால்மணி நேரத்தில் ஓரளவு நம்பலாம். அதற்கு முன் வேண்டாம். உள்வெப்பம் ஏறும் வேகத்தையும் சுற்றுப்புற வெப்பத்தையும் கொண்டு செயலி ஒரு கணிப்பைச் செய்கிறது. தொடக்கத்தில் மையம் இன்னும் குளிர்ந்தே இருப்பதால் கணிப்புக்கு அடிப்படையே இல்லை. கதவைத் திறந்தாலும், கரி தணிந்தாலும், மேலே சொன்ன தேக்கம் வந்தாலும் கணக்கு மாறும். பெரிய துண்டாக இருந்தால், அரை மணி நேரம் முன்னதாகவே முடியும்படி திட்டமிட்டு, எடுத்தபின் மூடிவைத்துக் காத்திருப்பது நல்லது.

கேள்வி: ஓவனை 180 டிகிரியில் வைத்திருக்கிறேன். செயலி 150 காட்டுகிறது. எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். பீங்கான் முனை இறைச்சிக்கு மிக அருகே இருக்கிறது. குளிர்ந்த, ஈரமான இறைச்சியைச் சுற்றி ஒரு குளிர்ந்த காற்றுப் படலம் இருப்பதால் அங்கே வெப்பம் குறைவாகவே இருக்கும். சமையல் முன்னேற முன்னேற இடைவெளி சுருங்கும். ஓவனின் வெப்பமும் ஒரே அளவில் நிற்பதில்லை. சூடேற்றி அணைந்து மறுபடி ஏறும். முனையைப் பக்கச் சுவரிலிருந்தும் சூடேற்றும் கம்பியிலிருந்தும் சில சென்டிமீட்டராவது விலக்கி வையுங்கள்.

கேள்வி: இணைப்பு அடிக்கடி துண்டிக்கப்படுகிறது. என்ன செய்வது?

பெட்டியில் அச்சிட்டிருக்கும் தொலைவு, இடையில் தடையே இல்லாத திறந்த வெளிக்கானது. உண்மையில் ஊசியைச் சுற்றி நீர் நிறைந்த இறைச்சி, அதைச் சுற்றி உலோகப் பெட்டியாகிய ஓவன் அல்லது மூடியிட்ட கிரில், அதற்கப்பால் சுவர்கள். புளூடூத் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நீர் உறிஞ்சுகிறது, உலோகம் தடுக்கிறது. எனவே சொன்ன தொலைவில் சிறு பங்கே கிடைத்தாலும் வியப்பில்லை.

அலைபரப்பி பீங்கான் முனையில் இருப்பதால், அந்த முனை ஓவனின் கண்ணாடிக் கதவை நோக்கி இருக்கும்படி தட்டைத் திருப்பி வைப்பதே முதலில் செய்ய வேண்டியது. இந்த ஒரு மாற்றத்திலேயே பலருக்குச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. அடுத்து, சமிக்ஞையைப் பெற்று மேலும் அனுப்பும் சார்ஜ் பெட்டி உள்ள மாதிரியாக இருந்தால், அதை அடுப்புக்கு அருகே, ஆனால் சூடு படாத இடத்தில் வைக்க வேண்டும். அதை அலமாரியில் பூட்டிவிட்டு இணைப்பு இல்லை என்று வருந்துபவர்களும் உண்டு.

வைஃபை வழியாக இணையும் பெட்டிகளில் பல, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே ஏற்கும். உங்கள் ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்கும்படி அமைக்கப்பட்டிருந்தால் பெட்டி அதைக் காணவே காணாது. முதல்முறை இணைக்கும்போது மட்டுமாவது இரண்டு அலைவரிசைகளுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, 2.4 உள்ளதைத் தேர்ந்தெடுத்தால் குழப்பம் இராது.

கேள்வி: இறைச்சி வேகவைக்கும் செயலிக்கு என் இருப்பிடம் எதற்கு?

ஆண்ட்ராய்டு 11 வரையான பதிப்புகளில், அருகில் உள்ள புளூடூத் கருவிகளைத் தேடுவதற்கே இருப்பிட அனுமதி தேவை என்பது இயங்குதளத்தின் விதி. அனுமதி மறுத்தால் கருவி கண்ணில் படாது. ஆண்ட்ராய்டு 12 முதல் ‘அருகிலுள்ள சாதனங்கள்’ என்ற தனி அனுமதி வந்துவிட்டது. புதிய கைபேசியிலும் ஒரு செயலி இருப்பிடத்தை வலியுறுத்தினால், ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்று கொடுத்தால் போதும்.

கேள்வி: இலக்கை எட்டியும் கைபேசி ஒலிக்கவில்லை. இறைச்சி கருகிவிட்டது.

வருத்தமான அனுபவம்தான். பெரும்பாலும் பழி கைபேசியின் மின்சேமிப்பு அமைப்பைச் சேரும். திரை அணைந்து சற்று நேரமானதும், பின்னணியில் இயங்கும் செயலிகளைக் கைபேசி நிறுத்திவிடுகிறது. அமைப்புகளில் இந்தச் செயலிக்கு மட்டும் மின்கலக் கட்டுப்பாட்டை நீக்கிவிடுங்கள். ஐபோனில், செயலியை மேலே தள்ளி மூடிவிட்டால் இணைப்பும் போய்விடும். திரையை மட்டும் அணைத்தால் பாதகமில்லை. அறிவிப்பு அனுமதி, ஒலியளவு, ‘தொந்தரவு செய்யாதே’ நிலை ஆகியவற்றையும் சமையலுக்கு முன்பே பார்த்துக்கொள்ளவும். இலக்குக்கு ஐந்து டிகிரி முன்னதாக இன்னோர் எச்சரிக்கையும் வைத்துக்கொண்டால், ஒன்று தவறினாலும் மற்றொன்று காப்பாற்றும்.

கேள்வி: என் மனைவியின் கைபேசியில் கருவி தெரியவே இல்லை.

உங்கள் கைபேசியோடு அது ஏற்கெனவே இணைந்திருக்கிறது. புளூடூத் வழியாக மட்டும் இயங்கும் மாதிரிகள் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு கைபேசிக்கே பதில் சொல்லும். வைஃபை வசதி உள்ளவற்றில் ஒரே கணக்கில் நுழைந்து இருவரும் பார்க்கலாம்.

கேள்வி: மைக்ரோவேவிலும் பிரஷர் குக்கரிலும் பயன்படுத்தலாமா?

மைக்ரோவேவில் கூடவே கூடாது. உலோகமும் மின்சுற்றும் சேர்ந்த பொருள் அங்கே தீப்பொறி கக்கும். பிரஷர் குக்கருக்குள் நீரே 100 டிகிரியைத் தாண்டிச் சூடாவதாலும், அழுத்தத்தில் நீராவி உள்ளே புகுவதாலும் அதுவும் கூடாது. கொதிக்கும் எண்ணெயில் முழுவதும் மூழ்கவிடுவதும் அப்படியே. நீர்புகாத் தரம் ஐபி67 என்று எழுதியிருந்தாலும், அது ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதை மட்டுமே குறிக்கும். வெந்நீரில் பல மணி நேரம் மூழ்கியிருப்பதற்கு அது உறுதி தராது. பீங்கான் முனையில் நேரடியாகத் தீச்சுடர் படுவதையும் தவிர்க்க வேண்டும்.

கேள்வி: கருவி சரியாகக் காட்டுகிறதா என்று வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

உயரமான குவளை நிறையப் பனிக்கட்டித் துண்டுகளைப் போட்டு, இடைவெளிகள் நிரம்பும் அளவுக்கு மட்டும் நீர் ஊற்றிக் கலக்கி, சில நிமிடங்கள் கழித்து ஊசியின் உட்பகுதியை அதில் நிறுத்துங்கள். முனை குவளையைத் தொடக் கூடாது. 0 டிகிரிக்கு ஒரு டிகிரி முன்பின் காட்டினால் கவலையில்லை. கொதிநீர்ச் சோதனையில் ஒரு சிக்கல் உண்டு: ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் கொதிநிலை ஏறத்தாழ ஒரு டிகிரி குறைகிறது. கடல்மட்டத்திலிருந்து 1500 மீட்டர் உயரத்தில் நீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதுபோக, உட்பகுதியின் தாங்கும் எல்லையே 100 டிகிரி என்பதால், பனிநீர்ச் சோதனையே பாதுகாப்பானது.

கேள்வி: கழுவுவதும் சார்ஜ் செய்வதும் எப்படி?

சூடான ஊசியைக் குளிர்நீரில் காட்டக் கூடாது. பீங்கான் விரிசல் விடும். ஆறியபின் சோப்பு நீரும் மென்மையான பஞ்சும் கொண்டு கழுவி, ஈரம் முழுவதும் போகத் துடைக்கவும். பச்சை இறைச்சியைத் தொட்ட ஊசியை வேறொரு துண்டில் குத்தும் முன்பும் கழுவ வேண்டும். சார்ஜ் ஆகவில்லை என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம், மின்தொடர்பு கொள்ளும் இடத்தில் படிந்த கருகிய கொழுப்புதான். ஊசியின் பின்முனையையும் பெட்டியின் தொடர்பு முனைகளையும் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் சரியாகிவிடும்.

கேள்வி: என்னிடம் ஏற்கெனவே குத்திப் பார்க்கும் சாதாரண டிஜிட்டல் வெப்பமானி இருக்கிறது. இதையும் வாங்க வேண்டுமா?

மெல்லிய துண்டுகளை வாணலியில் வாட்டுபவராக இருந்தால் தேவையில்லை. ஓர் இடத்தைச் சில விநாடிகளில் சோதித்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போகும் சாதாரண வெப்பமானியே அங்கே மேல். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓவனிலோ கரியடுப்பிலோ கிடக்கும் பெரிய துண்டுகளை அடிக்கடி சமைப்பவருக்கு இந்தக் கருவி பயன்படும். மூடியைத் திறந்து திறந்து வெப்பத்தை வீணாக்கும் வேலை மிச்சமாகும். அப்போதும் பழைய வெப்பமானியைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். கைபேசி ஒலித்தவுடன் அதை எடுத்து வேறு இரண்டு மூன்று இடங்களில் குத்திப் பார்த்து, எல்லா இடத்திலும் இலக்கை எட்டியிருந்தால் மட்டும் அடுப்பை அணையுங்கள்.